அல்லங்காடிக்குப் பூட்டா?

தோழனே!

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவர் மாநகராட்சி ஆணையர் அல்லர். சுற்றுலாத் துறை அமைச்சரும் அல்லர். இரவெல்லாம் கண் விழித்து இட்டிலி அவித்தவளும், விடியுமுன்னே மல்லிகையைச் சரமாக்கியவளும், கீழமாசி வீதியில் மூட்டை இறக்கியவனும், இறக்கிய களைப்புத் தீரச் சுக்குக் காப்பி ஊற்றித் தந்தவனும் சேர்ந்து சூட்டிய பெயர் அது. வியர்வையிலே எழுதப்பட்ட பெயர். அந்தப் பெயரை விளம்பரப் பலகையிலே எழுதி வைத்துக்கொண்டு, அதை எழுதியவர்களைத் தெருவிலிருந்து துடைத்தெடுக்கும் வேலை நடக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேச வந்திருக்கிறேன்.

மாங்குடி மருதனார் என்றொரு புலவர். மதுரைக்காஞ்சி அவர் பாடியது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாட வந்தவர், மன்னனின் வாளையும் தேரையும் மட்டும் பாடிவிட்டுப் போகவில்லை. மதுரைத் தெருவிலே இறங்கி நடந்தார். பகலில் நடக்கும் நாளங்காடியைக் கண்டார். இரவில் நடக்கும் அல்லங்காடியையும் கண்டார். கண்டதைப் பாட்டிலே வைத்தார். எழுவரை ஒரே களத்தில் வென்றவன் நெடுஞ்செழியன்; எவருக்கும் அஞ்சாதவன். அவன் ஆட்சியிலே, மணி பத்தானதும் தடியைத் தட்டிக்கொண்டு வந்து, “கடையை எடு, கடையை எடு” என்று ஒரு காவலன் கூவியதாக அந்தப் பாட்டில் எங்கும் காணோம். ஊர்க்காவலர் உண்டு, அவர்கள் கள்வரைத் தேடித் திரிந்தார்கள். அடை சுட்டு விற்றவளைத் தேடி அல்ல.

இன்றைய நிலை என்ன?

2019-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது. 3 ஆண்டுக்கு என்று தந்த அனுமதியை 2022-லும் நீட்டினார்கள், 2025-லும் நீட்டினார்கள். கேட்டதும் மகிழ்ந்திருப்பாய். ஆகா, அல்லங்காடி மீண்டது என்று கை தட்டியிருப்பாய். பொறு! ஆணையை முழுவதும் படி. பத்துப் பேரோ, அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்குத்தான் அந்தச் சலுகை. குளிரூட்டிய கூடத்திலே பன்னிரண்டு பேரை நிறுத்தி வைத்து நள்ளிரவில் பொங்கல் விற்பவருக்கு அனுமதி உண்டு. தானே முதலாளி, தானே தொழிலாளி, தானே பாத்திரம் கழுவுபவள் என்று ஒற்றை ஆளாய் அடுப்பின்முன் அமர்ந்திருக்கிறாளே, அவள் அந்தக் கணக்கிலே வரமாட்டாள். பத்துப் பேர் உழைப்பை அவள் ஒருத்தி உழைக்கிறாள். ஆனால் தலையை எண்ணினால் ஒன்றுதானே!

நாடகம் எழுதிப் பழகிய கை, தோழனே. ஒரு காட்சியை எழுதாமல் விட மனம் வரவில்லை. கற்பனைதான், ஆனால் சிம்மக்கல்லிலோ விளக்குத்தூணிலோ இரவு பதினோரு மணிக்கு நின்று பார்த்தவன் எவனும் இதைக் கற்பனை என்று சொல்லமாட்டான்.

காவலர்: கிழவி, மணி என்ன ஆச்சு?

கிழவி: எனக்கேது சாமி கடியாரம்? ரெண்டாவது ஈடு எறக்கியாச்சு. அதான் மணி.

காவலர்: கடையை எடு. லைசென்ஸ் இருக்கா?

கிழவி: அதைக் கேட்டுத்தான் ஆபீசுக்கு நாலு நடை நடந்தேன். இடத்துக்கு ரசீது கொண்டா, லைசென்ஸ் தாரேன்னாக.

காவலர்: ரசீது எங்கே?

கிழவி: லைசென்ஸ் இருந்தாத்தான் ரசீதாம்.

காவலர்: சட்டம் பேசாதே!

கிழவி: நான் எங்க சாமி பேசினேன்? அதுதான் என்னைப் பேசுது.

திரை விழட்டும். சிரித்தாயா? சிரி. ஆனால் அந்தக் கிழவி சொன்ன கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதே. சட்டம் அவளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது, நூறாண்டுக்கு மேலாக.

வெள்ளையன் காலத்திலே, 1920-ல், சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் பின்னிணைப்பிலே ஒரு பட்டியல்: அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்களின் பட்டியல். வெடிமருந்தும் அதிலே உண்டு, வைக்கோலும் உண்டு. தோல் உண்டு, மீன் உண்டு, செங்கல் உண்டு, விறகு உண்டு. ஆளவந்தவன் மூக்குக்கு எது ஒவ்வாததோ, அது அருவருப்பு. அவனுடைய பங்களாவுக்கு எது அண்டையில் இருக்கக்கூடாதோ, அது அபாயம். உழைப்பவன் செய்யும் வேலையின் தலையிலே ‘அருவருப்பு’ என்று எழுதி, அந்த எழுத்துக்கு ஆண்டுதோறும் கட்டணமும் வாங்கினான். வெள்ளையன் போனான், பட்டியல் போகவில்லை. 1866-ல் நகராட்சியான மதுரை, 1971-ல் மாநகராட்சியானது. தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் போய், 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் தூசி தட்டப்பட்டு 2023-ல் நடைமுறைக்கு வந்தது. எண் மாறியது, ஆண்டு மாறியது, அட்டை மாறியது. மாறாதது ஒன்று: அனுமதி என்பது ஆள்பவன் இடும் பிச்சை, தொழில் செய்பவன் அதற்குக் கை ஏந்தவேண்டும் என்ற எண்ணம்.

அனுமதியே கூடாது என்றா சொல்கிறேன்? இல்லை. வீடுகள் நெருங்கிய சந்திலே பட்டாசுக் கிடங்கு வைத்தால் கேட்கத்தான் வேண்டும். கெட்ட எண்ணெயிலே பலகாரம் சுட்டால் தடுக்கத்தான் வேண்டும். தீயையும் நோயையும் தடுக்கும் அனுமதி, மக்களுக்குக் காவல். வயிற்றைத் தடுக்கும் அனுமதி எவருக்குக் காவல்? இந்த இரண்டையும் ஒரே மனுவில், ஒரே மேசையில், ஒரே மனப்பான்மையோடு அணுகுகிறார்களே, அதுதான் நம் வழக்கு.

இப்போது நம் கையிலிருக்கும் வாளைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு மேடைக்கு வந்தவன் நான், சட்டம் படித்தவனல்லன். ஆயினும் இந்த ஒரு சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். நீயும் படி. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். கணக்கெடுப்பு முடிந்து, சான்றிதழ் வழங்கப்படும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது அது. 5 ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுக்கவேண்டும் என்கிறது. இடம் மாற்றவேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறித்தால் பட்டியலிட்டு, ஒப்பமிட்டு நகல் தரவேண்டும். அழுகும் பொருளானால் கேட்ட அன்றே திருப்பவேண்டும், அழுகாத பொருளானால் 2 வேலை நாளுக்குள். நகர விற்பனைக் குழு ஒன்று அமையவேண்டும், ஆணையர் தலைவர், உறுப்பினரில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகள், அதுவும் தங்களுக்குள்ளே தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுத்தவர்கள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். இன்னொன்றும் உண்டு. 50 ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் சந்தையை மரபுச் சந்தையென அறிவிக்கவேண்டும். அங்கிருப்போரை இடம் மாற்றவே கூடாது.

மதுரையிலே 50 ஆண்டா? விளக்குத்தூணைச் சுற்றித் தீபாவளிக்குத் துணி விரிக்கும் வழக்கத்துக்கு வயது என்ன? மாசி வீதிகளின் ஓரத்துக்கு வயது என்ன? சித்திரைத் திருவிழாவுக்கு வைகைக் கரையிலே பொரியும் பனையோலை விசிறியும் விற்க வந்த முதல் தலைமுறை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அல்லங்காடிக்கே பாட்டுச் சான்று இருக்கும் ஊர் இது. இந்த ஊரிலே மரபுச் சந்தை எது எதுவென்று அறிவித்து ஒரு பலகை எந்தத் தெருமுனையில் நடப்பட்டிருக்கிறது? நீ பார்த்தாயா? பார்த்தால் எனக்கு எழுது. அடுத்த வாரம் இதே இடத்திலே நன்றி சொல்லி எழுதுகிறேன்.

இந்தச் சட்டமும் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1989-லேயே, சோதன் சிங் வழக்கிலே, உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு சொல்லிவிட்டது: நடைபாதையில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசியல் சட்டம் தரும் தொழிலுரிமையிலே அடங்கும் என்று. கட்டுப்பாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உரிமை முந்தியது, கட்டுப்பாடு பிந்தியது. மாநகராட்சியின் மேசையிலே இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது.

வேடிக்கை ஒன்று கேள். மதுரை மாநகராட்சி பிறந்த நாள் 1971 மே 1. தெருவோர வியாபாரிகள் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2014 மே 1. இரண்டும் உழைப்பாளர் நாள்! பிறந்த நாள் ஒன்றாயிற்று. பேசிக்கொள்ளத்தான் நேரம் வாய்க்கவில்லை.

“வளர்ச்சி வேண்டாமா?” என்று கேட்பார்கள். வெள்ளைச் சட்டையிலே மடிப்புக் கலையாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். வேண்டும் ஐயா, வேண்டும்! 2016-ல் மதுரை சீர்மிகு நகரத் திட்டத்திலே சேர்ந்தபோது நம் தோழர்களும்தான் மகிழ்ந்தார்கள். 2025 மார்ச்சோடு அந்தத் திட்டம் நாடு முழுவதும் முடிந்தது. பெரியார் பேருந்து நிலையம் புதுக்கோலம் பூண்டது. வடக்கு ஆவணி மூல வீதியிலே, காய்கறிச் சந்தை இருந்த இடத்திலே, வண்டி நிறுத்த அடுக்கு மாளிகை எழுந்தது. கத்தரிக்காய் இருந்த இடத்தில் கார்! காய்கறி மாட்டுத்தாவணிக்குப் போயிற்று. காருக்கு மாடி வீடு கட்டத் தெரிந்த பொறியாளருக்கு, கூடைக்கு ஒரு கூரை போடத் தெரியாதா? தெரியும். கேட்பார் இல்லை, அவ்வளவே.

2025-ல் மதுரைக்கு டைடல் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும். படித்த பிள்ளை சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடாமல் ஊரிலே வேலை பார்க்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளை இரவுப் பணி முடிந்து ஒரு மணிக்கு வெளியே வந்தால், பசிக்கு எங்கே போவான்? நம் கிழவியிடந்தானே! பெரிய முதலீட்டாளர் வந்தால் அவருக்கு ஒற்றைச் சாளரம். 2018-லேயே அதற்கென்று ஒரு சட்டம். இத்தனை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று அலுவலருக்குக் கெடு. சாளரத்தைத் திறந்ததைக் குறை சொல்லவில்லை. சிறியவன் வந்தால் மட்டும் ஏன் சாளரம் சுவராகிவிடுகிறது? அவன் மனுவுக்குக் கெடு எங்கே?

பொருளாதாரத்தைப் பெரிய எழுத்தில் பேசுகிறவர்கள், ஒரு முழம் மல்லிகையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்க்கட்டும். முழம் போட்டு விற்பவள் கோயில் வாசலில். அவளுக்கு உதிரிப் பூ வந்தது மாட்டுத்தாவணியிலிருந்து. அங்கே வந்தது உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும், திருமங்கலத்துப் பக்கத்திலிருந்தும், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்தும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினார்கள். சரி, அந்த மல்லியையும் வெற்றிலையையும் கடைசியிலே வாங்குபவன் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? பூவுக்குக் குறியீடு, பூக்காரிக்கு அபராதம்! அவள் ஓலைப்பெட்டியை ஒருநாள் தூக்கி வண்டியிலே எறிந்தால், அன்று மாலை உசிலம்பட்டித் தோட்டத்திலே விலை சரிகிறது. நகரத்து நடைபாதைக்கும் நாட்டுப்புறத்து வரப்புக்கும் இடையே ஓடும் இந்த நரம்பு, மேசையில் விரித்த வரைபடத்திலே தெரியாது.

“வருவாய் வேண்டாமா? உரிமக் கட்டணம் இல்லாமல் தெருவிளக்கு எப்படி எரியும்?” இதையும் கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் மாநகராட்சிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. 2025-ல் இதே மதுரையிலே சொத்துவரி முறைகேடு வெளிப்பட்டு நாடே நகைத்ததே, மறந்தாயா? கட்டடங்களுக்குக் கணினியிலே வரியைக் குறைத்துக் காட்டினார்கள் என்று புகார். காவல்துறை விசாரித்தது, அலுவலர்கள் உட்படப் பலர் கைதாயினர். ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேயரும் விலகினார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அது என் வேலையன்று. என் கேள்வி வேறு. பெரிய கட்டடத்தின் வரி ஓட்டைவழியே ஒழுகியபோது கண் மூடியிருந்த நிருவாகம், தரையிலே விரித்த சாக்கின்மேல் மட்டும் எப்படிக் கழுகுக்கண் வைத்தது?

மேலும், அவள் கட்டணம் கட்டமாட்டேன் என்று சொன்னதே இல்லை. சட்டமே அவளிடம் விற்பனைக் கட்டணம் வாங்கச் சொல்கிறது. வாங்கிக்கொள், ரசீது கொடு! ரசீது இல்லாத பணத்தைத்தான் அவள் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறாள். யாருக்குக் கட்டுகிறாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் அந்தப் பணம் நின்றுவிடும். சான்றிதழ் ஏன் தாமதமாகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன். மாசி வீதியிலே வாடகை கொடுத்து, வரி கட்டி, கடை நடத்தும் சிறு வணிகரின் வாசலை அடைத்து ஒருவன் தள்ளுவண்டி நிறுத்தினால், அவர் வயிறும் எரியத்தான் செய்யும். நடக்கும் கிழவருக்கும் கைக்குழந்தைத் தாய்க்கும் நடைபாதை வேண்டும். தீயையும் நாம் பார்த்திருக்கிறோம்: 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு மீனாட்சி கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததே, கல்லே வெடித்ததே! மண்டபத்துக்குள் கடை கூடாது என்று அதன்பின் எழுந்த குரலிலே நியாயம் இருந்தது. புதுமண்டபத்துத் தையற்காரரும் பாத்திரக்காரரும் புத்தகக்காரரும் தலைமுறை தலைமுறையாய் இருந்த இடத்தை விட்டுக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு ஒரு கட்டடம் எழுந்தது. இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால், முதலில் இடம் தயாராகவேண்டும் என்பதை மாநகராட்சி அங்கே அறிந்திருந்தது. கடை எண் உள்ளவனுக்குக் காட்டிய அந்த அறிவை, கூடை மட்டும் உள்ளவளுக்கும் காட்டு என்கிறோம். வேறென்ன கேட்டோம்?

சிங்கப்பூரைப் பார் என்பார்கள் நம் நகர நிருவாகிகள். போய்ப் பார்த்துவிட்டும் வருவார்கள். பளபளக்கும் கட்டடங்களைப் பார்த்தார்கள். அங்காடி உணவுக் கூடங்களையும் பார்த்தார்களா? 1960-களின் இறுதியிலே அந்த அரசு தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தது, உரிமம் கொடுத்தது, தண்ணீர், கழிவுநீர், மின்சாரத்தோடு கூடங்கள் கட்டியது. முழுவதும் கூரைக்குள் கொண்டுவர 1980-களின் நடுப்பகுதிவரை ஆயிற்று. 2020-ல் யுனெஸ்கோ அந்த உணவங்காடிப் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியலிலே சேர்த்தது. அங்கே தோசையும் உண்டு, தமிழன் கையும் உண்டு. சிங்கப்பூரிலே மரபு, சிம்மக்கல்லிலே ஆக்கிரமிப்பா?

தோழனே, ஓர் ஊரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சிடி பூசிட். துனிசியா நாட்டிலே சிறிய ஊர். முகமது பூவாசீசி என்ற இளைஞன் அங்கே தள்ளுவண்டியில் பழம் விற்றான். 2010 டிசம்பர் 17-ஆம் நாள் நகராட்சி ஆட்கள் அவனுடைய தராசைப் பறித்தார்கள். முறையிடப் போனான்; கேட்க ஆள் இல்லை. தன்மேல் தீ வைத்துக்கொண்டான். 2011 ஜனவரி 4-ல் இறந்தான். பத்தாவது நாள், 23 ஆண்டு ஆண்ட அதிபர் நாட்டை விட்டே ஓடினார். அந்தச் சாவை நான் போற்றவில்லை. ஓர் உயிர் போயிற்றே என்றுதான் நெஞ்சு வேகிறது. ஆனால் தராசு என்றதும் மதுரைக்காரனுக்கு ஒரு சிலம்பு நினைவுக்கு வராமலிருக்குமா? கோவலன் யார்? வணிகன். பொருள் இழந்து, கையிலிருந்த ஒற்றைச் சிலம்பை விற்க மதுரைத் தெருவுக்கு வந்தவன். புறஞ்சேரியிலே அவனுக்கு நிழல் தந்தவள் யார்? மோர் விற்றுப் பிழைக்கும் ஆயர் குலத்து மாதரி. மன்னன் செய்த பிழை யாது? கொடுங்கோன்மையா? இல்லை. ஒரு பணியாளன் சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல் ஆணையிட்டான். அவ்வளவுதான். அந்தப் பாண்டியனாவது பிழையை உணர்ந்ததும் அரியணையிலேயே உயிர் விட்டான். இந்தக் காலத்து ஆணையர் மாற்றலாகிப் போய்விடுகிறார்.

நம்மவருக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறேன், கசந்தாலும் கேள். தள்ளுவண்டியிலே நம் கொடியைக் கட்டிவிட்டு, “கொடி இருக்கிறது, எவனும் கேட்கமாட்டான்” என்று சொல்லி வாரத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவன் எவனேனும் உன் வட்டத்தில் இருந்தால், அவன் பறிமுதல் வண்டியைவிடக் கொடியவன். வண்டி, பொருளைத்தான் தூக்கும். இவன் நம் பெயரைத் தூக்கிக்கொண்டு போகிறான். பெயரெழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பு. மன்றத்திலே நம் உறுப்பினர் எவரேனும் வெளியேற்றத் தீர்மானத்துக்கு வாய் மூடி இருந்தால், அவரையும் வட்டக் கூட்டத்திலே எழுப்பி நிறுத்திக் கேள். மாற்றாரைக் கேட்கும் வாய், நம்மவரைக் கேட்கத் தயங்கினால் அது வாயன்று.

சட்டத்தின் கணக்குப்படி ஊர் மக்கள்தொகையில் நூற்றுக்கு 2.5 பேர்வரை தெருவோர வியாபாரத்துக்கு இடம் தரவேண்டும். 2011 கணக்கிலேயே மதுரை 10 இலட்சத்தைத் தாண்டிய நகர். அப்படியானால் 25,000 பேருக்கு இடம். 100 வட்டம், வட்டத்துக்கு 250 பேர். உன் வட்டத்தின் 250 பேர் யார்? பட்டியல் இருக்கிறதா உன்னிடம்? மாநகராட்சியிடம் இருக்கிறதா என்று கேட்குமுன் இதை உன்னிடம் கேட்கிறேன்.

ஆகவே இந்த வாரம் கொடியேற்றம் வேண்டாம். தெருமுனைக் கூட்டமும் வேண்டாம். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கு. இரவு பத்து மணிக்குமேல் உன் வட்டத்தைச் சுற்றி வா. பெயர், என்ன விற்கிறார், எத்தனை ஆண்டு, சான்றிதழ் உண்டா, கடைசியாய்ப் பொருள் பறிபோனது எப்போது, ரசீது கொடுத்தார்களா, இந்த ஆறையும் எழுது. எழுதப்படிக்கத் தெரியாதவர் இருந்தால் உட்கார்ந்து பொறுமையாய்க் கேட்டு எழுது. விற்பனைக் குழு கடைசியாய்க் கூடிய நாள் எது, கூட்டக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடு, 10 ரூபாய்தான். நான் வெள்ளிக்கிழமை இரவு சிம்மக்கல்லில் இருப்பேன், என் நோட்டுப் புத்தகத்தோடு. பசித்தால் அங்கேயே இரண்டு இட்டிலி சாப்பிட்டுக்கொள்ளலாம். காசை மட்டும் நீயே கொடுத்துவிடு, கட்சிக்காரன் என்று சொல்லி நடந்துவிடாதே.